மூடிய மண்ணைப் பார்த்துக்கொள்பவர்கள்

யுரேனியம் என்றதும் எல்லோருக்கும் அணு உலையும் அணுகுண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. தோண்டி எடுத்த பாறையில் அங்கே போய்ச் சேர்வது துளி அளவுதான். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் 1950களில் வெட்டிய தாதுவில் ஆயிரம் கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ யுரேனியம் இருந்தாலே நல்ல தாது என்பார்கள். மீதி அத்தனையும் மாவாக அரைபட்டு, அமிலத்தில் ஊறி, சேறாகக் குழாய் வழியே ஓடி ஆலையின் கொல்லைப்புறத்தில் மலையாகக் குவிந்தது. அதற்கு டெய்லிங்ஸ் என்று பெயர். மண் இயக்கவியல் படித்துவிட்டு யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ என்று சுற்றிய எனக்கு வேலைக்காலம் முழுவதும் அந்தச் சேற்றோடுதான் கழிந்தது. முதலில் அதை மூடுவதற்கான மண்ணைச் சோதிக்கும் வேலை. பிறகு, மூடிய இடங்களை ஆண்டுதோறும் போய்ப் பார்க்கும் வேலை. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், யோசிக்காமல் இரண்டாவது என்றே சொல்வேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யுரேனியத்தை எடுத்துவிட்டால் சேற்றில் என்ன ஆபத்து மிச்சம் இருக்கும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அந்தச் சேற்றில்தான் தங்குகிறது. யுரேனியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து சிதைந்து உண்டாக்கிய வாரிசுகளை ஆலை தொடுவதே இல்லை. தோரியம்-230 பாதியாகக் குறைய ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். அதிலிருந்து பிறக்கும் ரேடியம்-226க்கு 1,600 ஆண்டுகள். ரேடியத்திலிருந்து பிறப்பது ரேடான் என்ற வாயு. நிறமோ மணமோ கிடையாது. அதன் அரைவாழ்வு நான்கு நாள்கூட இல்லை, ஆனால் அந்த நாட்களுக்குள் காற்றோடு கலந்து நுரையீரலுக்குள் போய்விட்டால், அதன் வாரிசுகள் அங்கேயே படிந்து புற்றுநோய்க்கு வழி வகுக்கும். இவற்றோடு ஆர்செனிக், செலீனியம், சல்பேட் என்று தண்ணீரில் கரைந்து போகும் பொருள்களும் உண்டு. ஆக, எங்கள் வேலைக்கு இரண்டு எதிராளிகள். மேலே ஏறும் வாயு ஒன்று, கீழே இறங்கும் தண்ணீர் மற்றொன்று.

இதையெல்லாம் அன்று யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. கொலராடோவில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆலைக்கழிவு பார்க்க நல்ல மெல்லிய மணலாக இருந்தது, காசில்லாமலும் கிடைத்தது. கட்டடக்காரர்கள் லாரி லாரியாக ஏற்றிப்போய் அஸ்திவாரத்தில் கொட்டினார்கள், நடைபாதைக்கு அடியில் பரப்பினார்கள், தோட்டத்தில் போட்டார்கள், கலவையில் சேர்த்தார்கள். 1960களின் நடுவில்தான் அது நின்றது. அதன் பிறகு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கட்டடங்களிலும் தளத்தைப் பெயர்த்து அந்த மணலை அள்ளி எடுக்க வேண்டியிருந்தது. இன்றும் அந்த ஊரில் சாலையையோ குழாயையோ தோண்டினால் சாம்பல் நிற மணல் எட்டிப் பார்ப்பதுண்டு. அதைக் கொண்டுபோய்ப் போடுவதற்காகவே, ஊருக்கு வெளியே உள்ள செய்னி என்ற புதைகுழியில் ஒரு பகுதியை மூடாமல் வைத்திருந்தார்கள்.

1979 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் சேற்றுக் குட்டையின் மண்ணணை உடைந்தது. அமிலம் கலந்த 35 கோடி லிட்டர் கழிவுநீரும் ஆயிரம் டன்னுக்கு மேல் சேறும் ரியோ புவெர்கோ ஆற்றில் இறங்கி நவஹோ பழங்குடி மக்களின் மேய்ச்சல் நிலங்கள் வழியே ஓடின. அணையின் அடிமண் சீராக அமுங்காததால் விரிசல் விட்டிருந்தது. விரிசல் இருப்பது முன்பே தெரிந்திருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த திரீ மைல் தீவு அணு உலை விபத்தை உலகமே அறியும். ஆனால் சர்ச் ராக்கை, எங்கள் தொழிலுக்கு வெளியே அறிந்தவர்கள் சொற்பம். ஆடு மேய்ப்பவர்களின் ஆறு என்றால் உலகம் அவ்வளவுதான் கவனிக்கும் என்ற ஆற்றாமை எனக்கு இன்றுவரை போகவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1978இல், அமெரிக்க நாடாளுமன்றம் யுரேனிய ஆலைக் கழிவுகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியிருந்தது. அதன் கீழ் வந்த விதி, மேல்மூடி முடிந்தவரை ஆயிரம் ஆண்டுகளும், எப்படியானாலும் இருநூறு ஆண்டுகளும் தாங்க வேண்டும் என்றது. வேலையில் சேர்ந்த புதிதில் அந்த வரியைப் படித்தபோது மலைப்பாக இருந்தது. சாலைக்கு இருபது ஆண்டு, பாலத்துக்கு நூறு ஆண்டு என்று கணக்குப் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். அதே சமயம், ஆயிரம் ஆண்டு கழிந்தாலும் ரேடியத்துக்கு ஓர் அரைவாழ்வுகூடக் கழிந்திருக்காது. சட்டம் கேட்கும் காலமும் கழிவு கேட்கும் காலமும் ஒன்றல்ல. அந்த இடைவெளியை மண்ணாலும் கல்லாலும் மட்டும் நிரப்ப முடியாது.

மூடியின் அடிப்படை எளிது. கழிவுக்கு மேலே நன்றாக இறுக்கிய களிமண் அடுக்கு. அதற்கு ரேடான் தடுப்பு என்று பெயர். வாயுவை அது முழுக்க நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. ஈரமான களிமண்ணின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருப்பதால் ரேடான் ஊர்ந்துதான் மேலே வர வேண்டும். வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி சிதைந்து திடப்பொருளாகி அங்கேயே படிந்துவிடும். அடுக்கு காய்ந்தால் வாயு வேகமாக ஏறும். அடுக்குக்கு அளவுக்கு மேல் நீர் கிடைத்தால் அது கழிவுக்குள் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஈரத்தை நிறுத்துவதுதான் முழு வித்தையும். களிமண் பரப்பும் நாட்களில், ஒவ்வொரு அடுக்கிலும் இறுக்கத்தையும் ஈரத்தையும் அளந்து, குறைந்தால் தண்ணீர் தெளித்து, கூடினால் கலைத்து உலர்த்தி, மறுபடி ரோலர் ஓட்டச் சொல்வோம். காற்றடிக்கும் பாலைவன மதியத்தில் காலையில் சரியாக இருந்த ஈரம் இரண்டு மணிக்குள் போய்விடும். ரோலர் ஓட்டுநர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த ஒரு அடுக்கில் விட்டுக்கொடுத்தால் அடுத்த தலைமுறைகள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

மூடி முடித்ததும் ரேடான் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளப்போம். அதற்கான கருவி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அகலமான ஒரு பி.வி.சி. குழாய்மூடி, உள்ளே வாயுவை உறிஞ்சும் கரி. அதைத் தரையில் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி மண் அணைத்து, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுவோம். இப்படிக் குறைந்தது நூறு இடங்களில். மழை பெய்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வைக்கக் கூடாது. ஈர மண் வாயுவைப் பிடித்துவைத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டிவிடும். மறுநாள் அதே நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து மூடி, எண் எழுதி, ஆய்வகத்துக்கு அனுப்புவோம். சதுர மீட்டருக்கு நொடிக்கு 20 பிகோகியூரி என்பது சட்டம் வகுத்த வரம்பு. சராசரி அதற்குள் இருந்தால் மூடி தேறியது. கவிழ்த்த குழாய்மூடிகள் வரிசை வரிசையாக நிற்கும் அந்த வெளியில் நடக்கும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிக்கையோடு எண்ணிப் பார்க்க மனிதர்கள் கண்டுபிடித்த வழியை மெச்சியிருக்கிறேன்.

1980களில் கட்டிய மூடிகளுக்கு மேலே கருங்கல் அடுக்கினார்கள். மண்ணரிப்பைத் தடுக்க அதைவிட உறுதியான வழி இல்லை. செடி முளைக்காது, விலங்கு தோண்டாது, ஆயிரம் ஆண்டு அசையாது என்பது எண்ணம். நடந்தது வேறு. கல்லடுக்கு வெயிலை மறைத்துக் கீழே ஈரத்தைக் காத்தது. காற்று கொண்டுவந்த தூசி கற்களின் இடுக்கில் படிந்தது. விதை விழுந்தது, முளைத்தது. செடி வராமல் இருக்கப் போட்ட கல்லே செடிக்கு நாற்றங்கால் ஆகிவிட்டது. மழை அதிகம் பெய்யும் பென்சில்வேனியாவின் பரெல் என்ற இடத்தில் ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடி கல்லைத் தாண்டிக் களிமண்ணுக்குள் வேர் இறக்கியது. வேர் போன இடத்தில் தண்ணீர் இறங்கும் வேகம், வேர் இல்லாத இடத்தைவிட நூறு மடங்கு இருந்தது. ஓரிகனின் லேக்வியூவிலும் புதர்வேர்கள் அதையே செய்தன.

இதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, ஆண்டுதோறும் மருந்தடித்துச் செடியைக் கொன்றுகொண்டே இருப்பது. ஆயிரம் ஆண்டுக்கு மருந்தடிக்க முடியுமா? மற்றது, செடியைக் கூட்டாளியாக்கிக்கொள்வது. யூட்டாவின் மான்டிசெல்லோவில் அதைத்தான் செய்தார்கள். அங்கே பழைய ஆலைக்கழிவு முழுவதையும் அள்ளி, ஊருக்குத் தெற்கே புதுக் குழியில் போட்டு, 2000 வாக்கில் மூடினார்கள். களிமண் தடுப்புக்கும் பிளாஸ்டிக் விரிப்புக்கும் மேலே மணல் அடுக்கு, அதற்கு மேலே ஆளுயரத்துக்கு மென்மண். அந்த ஊரின் பூர்வீகப் புதரான சேஜ்பிரஷ்ஷையும் புற்களையும் மேலே வளர விட்டார்கள். குளிர்காலத்துப் பனி உருகும்போது மென்மண் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கோடையில் செடிகள் அதைக் குடித்து ஆவியாக்கிவிடும். அடியில் உள்ள மணல் நீரைக் கீழே இழுக்காது. மண்ணுக்குள் நடுவே கூழாங்கல் கலந்த ஓர் அடுக்கும் உண்டு, வளை தோண்டும் பிராணிகள் அதற்குக் கீழே போக முடியாது. மூடியின் ஒரு பகுதிக்கு அடியிலேயே பல ஏக்கர் பரப்பில் நீர் சேகரிப்பு அமைத்து, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 390 மில்லிமீட்டர் மழையும் பனியும் விழும் அந்த இடத்தில், கீழே கசிந்தது சராசரியாக ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தது என் தொழில் வாழ்க்கையின் பெரும்பேறு. மூடி என்பது ஒருமுறை கட்டிவிட்டுப் போகும் பொருள் என்றுதான் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அது கட்டிய நாளிலிருந்தே மண்ணாக மாறத் தொடங்குகிறது. காய்கிறது, விரிகிறது, உறைந்து உருகுகிறது, எறும்புக்கும் வேருக்கும் இடம் கொடுக்கிறது. அதன் போக்கை அறிந்து, அதோடு ஒத்துப்போகும்படி அமைப்பவரே நல்ல பொறியாளர்.

சில இடங்களில் மூடினால் மட்டும் போதாது. மோவாப் அப்படி ஓர் இடம். கொலராடோ ஆற்றின் கரையிலேயே 1956இல் ஆலை எழுந்தது, 1984இல் நின்றது. ஆற்றிலிருந்து இருநூறு மீட்டர் சொச்சத்தில் 130 ஏக்கரில் 1.6 கோடி டன் கழிவு. அந்தக் காலத்து வழக்கப்படி அடியில் விரிப்பு எதுவும் இல்லை. நடத்திய கம்பெனி 1998இல் திவாலானது. 2001இல் மத்திய அரசின் எரிசக்தித் துறை பொறுப்பேற்றது. குவியலிலிருந்து இறங்கிய அம்மோனியா, ஆற்றோரத் தேங்கல்களில் வளரும் அரிய மீன்குஞ்சுகளுக்கு நஞ்சானது. இருந்த இடத்திலேயே மூடுவதா, இடம் மாற்றுவதா என்று நீண்ட விவாதம். ஆறு தடம் மாறக்கூடியது, கீழே கலிபோர்னியா வரை கோடிக்கணக்கானவர்கள் அந்த நீரை நம்பியிருக்கிறார்கள். 2005இல் இடம் மாற்றுவது என்று முடிவானது. ஐம்பது கிலோமீட்டர் வடக்கே கிரெசன்ட் ஜங்ஷனில், எழுநூறு மீட்டர் தடிமனுள்ள மேங்கோஸ் ஷேல் பாறைப் படுகையில் குழி வெட்டினார்கள். 2009 ஏப்ரலில் முதல் ரயில் கிளம்பியது. 2020இல் ஒரு கோடி டன் போய்ச் சேர்ந்திருந்தது.

அங்கே குவியலை வெட்டும்போது, ஒரே இடத்தில் மூன்று விதமான மண் வரும். ஓரங்களில் உலர்ந்த மணல். நடுவே, குழாயிலிருந்து கடைசியாகப் படிந்த வழுவழுப்பான சேறு, எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும் நீர் வடியாமல் புல்டோசரையே உள்வாங்கும். இரண்டுக்கும் நடுவே கலவை. ஈரச் சேற்றை அப்படியே பெட்டியில் ஏற்றினால் குழியில் இறுகாது, காய்ந்த மணலை அப்படியே ஏற்றினால் தூசி பறக்கும். ஆகவே சேற்றைப் பரப்பி, கலப்பையால் புரட்டி உலர்த்தி, மணலோடு கலந்து, சரியான ஈரத்துக்குக் கொண்டுவந்த பிறகே மூடியுள்ள இரும்புப் பெட்டிகளில் ஏற்றுவார்கள். பெட்டியைக் கழுவி, கதிர்வீச்சு இல்லையென்று கருவியால் தடவிப் பார்த்த பிறகே அது வெளியே போகும். மனிதர்களுக்கும் அதே விதிதான். கை, கால், செருப்பு எல்லாம் சோதித்துத்தான் வீட்டுக்கு விடுவார்கள். காற்று பலமாக வீசினால் வேலை நிற்கும். ஆற்றங்கரைப் பக்கம் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. குவியலுக்கும் ஆற்றுக்கும் நடுவே கிணறுகள் போட்டு, கெட்ட நீரை இறைப்பதும் நல்ல நீரைச் செலுத்துவதும். மலையை நகர்த்திவிட்டாலும் அது ஏற்கெனவே நிலத்துக்குள் விட்டது தானாக நகராது.

மூடி முடித்த இடங்களை ஆண்டுக்கொரு முறை நடந்து பார்ப்பது சட்டப்படியான கடமை. வரைபடமும் கேமராவும் கடந்த ஆண்டின் அறிக்கையும் கையில் இருக்கும். வேலி, எச்சரிக்கைப் பலகை, எல்லைக் கற்கள், கிணறுகள் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு மூடியின் மேல் நேர்கோட்டில் போய்த் திரும்புவோம். எங்காவது குழி விழுந்திருக்கிறதா, கல் நொறுங்குகிறதா, ஓடை திசை மாறி அடிவாரத்தை அரிக்கிறதா என்று பார்ப்போம். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கிரானைட் கல் நிற்கும். எத்தனை டன் கழிவு உள்ளே இருக்கிறது, எவ்வளவு கதிரியக்கம், என்று மூடப்பட்டது என்று அதில் வெட்டியிருப்பார்கள்.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பையன் என்னோடு வந்தான். சரிவில் கல்லிடுக்கிலிருந்து முழங்கால் உயரத்துக்கு உப்புப்புதர் ஒன்று தலைகாட்டியிருந்தது. "சார், பிடுங்கிடட்டுமா?" என்றான். "இரு. முதல்ல படம் எடு. அடுத்தது இடத்தைக் குறி. போன வருஷப் படத்துல இருக்கா பார்" என்றேன். இருந்தது, விரல் நீளத்துக்கு. ஓராண்டில் அவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றால் அடியில் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. செடியைப் பிடுங்கிவிட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும். மேற்கொண்டு தேடியதில், மேலே கல்லடுக்கு சற்றே அமிழ்ந்து மழைநீர் அங்கே தேங்குவது தெரிந்தது. அதைச் சரிசெய்தார்கள். மாலையில் அவன் எழுதிய குறிப்பு, அந்த ஆண்டு அறிக்கையிலேயே தெளிவானதாக இருந்தது.

நம் சந்தேகமே தவறாக இருக்கும் இடங்களும் உண்டு. நவஹோ நிலத்திலுள்ள ஷிப்ராக்கில் ஆலை இருந்த மேட்டுக்குப் பக்கத்தில் மெனி டெவில்ஸ் வாஷ் என்ற ஓடை இருக்கிறது. கரையெங்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், நீரில் யுரேனியமும் செலீனியமும் நைட்ரேட்டும் இருந்தன. ஆலையின் வேலைதான் என்று கருதி அந்த நீரைச் சேகரித்து இறைத்து வந்தார்கள். பின்னால் தீர ஆராய்ந்தபோது, அவை மேங்கோஸ் ஷேல் பாறையிலிருந்து இயற்கையாகவே வருவது புலப்பட்டது. ஆலை கெடுத்த நீர் அருகிலேயே வேறிடத்தில் உண்டு, அதை மறுக்க முடியாது. எது மனிதன் செய்தது, எது பாறை செய்தது என்று பிரித்துச் சொல்ல, பல ஆண்டுகளின் தொடர்ந்த அளவீடுகள் வேண்டும். நடுவே பத்து ஆண்டு விட்டுப்போனால் அந்த அறிவும் போய்விடும். அங்கே வாழும் குடும்பங்களுக்கு நாம் தரக்கூடிய நேர்மையான பதில், அந்தத் தொடர்ச்சியான குறிப்பேட்டிலிருந்துதான் வர முடியும்.

ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றிக் கட்டாத ஓட்டு வீடு எவ்வளவு நாள் தாங்கும்? கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வீட்டைக் காப்பாற்றுவது ஆண்டுதோறும் கூரை ஏறுகிறவர்தான். கழிவு மூடிகளும் அப்படியே. கூரை ஏறுகிறவருக்குச் சம்பளம் வேண்டும், அவருக்குப் பிறகு வருபவருக்குப் பயிற்சி வேண்டும், இருவருக்கும் நடுவே எழுத்து வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்றே 2003இல் எரிசக்தித் துறைக்குள் தனி அலுவலகம் அமைத்தார்கள். நிறுவனங்கள் தங்கள் தளத்தை அரசிடம் ஒப்படைக்கும்போது குறைந்தது இரண்டரை லட்சம் டாலர், 1978ஆம் ஆண்டின் மதிப்பில், ஒரே தவணையாகக் கட்ட வேண்டும் என்பது விதி. அதன் வட்டியிலிருந்து எந்நாளும் ஒருவர் போய்ப் பார்த்து வரலாம் என்பது கணக்கு. பெரிய பழுது எதுவும் வராது என்று நம்பிப் போட்ட கணக்கு அது. வேரும் ஆறும் அந்த நம்பிக்கையை ஏற்கெனவே சோதித்துவிட்டன. ஆனாலும் முன்கூட்டியே பணம் எடுத்து வை என்று சட்டத்தில் எழுதிய அந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டிலும் ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் 1960களின் இறுதியிலிருந்து யுரேனியம் எடுக்கிறார்கள். ஆந்திரத்தில் கடப்பை மாவட்டத்தின் தும்மலப்பள்ளியிலும் எடுக்கிறார்கள். நம் தாதுவில் யுரேனியத்தின் பங்கு மிகக் குறைவு, அதனால் ஒவ்வொரு கிலோவுக்கும் குவியும் சேறு அதிகம். அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், அந்தக் குட்டைகள் இருக்கத்தான் போகின்றன. புதிய சுரங்கத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்களில் வேலைவாய்ப்பு, இழப்பீடு, சாலை பற்றிப் பேசுகிறார்கள். இன்னும் சில கேள்விகளையும் கேட்கும்படி, இந்தத் தொழிலில் தலை நரைத்தவனாகக் கேட்டுக்கொள்கிறேன். சுரங்கம் மூடிய ஐம்பதாம் ஆண்டில் இந்த மூடியின் மேல் நடந்து பார்க்கப்போவது யார்? அவருக்கான பணம் இன்று எந்தக் கணக்கில் இருக்கிறது? அவர் எழுதும் குறிப்பு, பக்கத்து ஊர்க்காரர் கேட்டதும் கையில் கிடைக்குமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வராதவரை, கழிவுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.